மூன்றாவது அடி

பிப்ரவரி 15, சனி

மேல்படிப்பில் இன்று ஆளுக்கொரு வழிகாட்டியை ஒதுக்கினார்கள். எனக்கு எங்கள் வார்டு டாக்டரேதான். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அவள் என்னை அக்கா என்கிறாள், நான் அவளை டாக்டர் என்கிறேன், மார்க் போடப்போவது அவள். பதினாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு நாற்பத்திரண்டில் நோட்டைத் திறந்தால் கையெழுத்தே கோணுகிறது. தேறினால் வலி தணிப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். வீட்டில் இவர் கேட்டார்: "இனிமே எனக்கு முதுகு வலிச்சாலும் டோக்கன் வாங்கணுமா?"

பிப்ரவரி 20, வியாழன்

ஆறாம் கட்டிலுக்கு ஒரு கொத்தனார் வந்திருக்கிறார். தாடையில் புற்றுநோய், கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. வலி ஏறும்போது தலையைச் சுவரில் மோதுகிறார். சுவரெல்லாம் ரத்தம். சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மோதலும் என் முழங்கை வரை வந்தது.

வலிக்கு மார்ஃபின் மருந்து போட, லாரி ஓட்டும் அவர் மகன் சம்மதிக்கவில்லை. "அதைப் போட்டா ஆள் முடிஞ்சுது. எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மகன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறான். கொத்தனாரின் மனைவியிடம் கையெழுத்து வாங்கி, டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் சிரிஞ்ச் பம்பில் மார்ஃபின் தொடங்கினேன். மதியத்துக்குள் மனிதர் அசந்து தூங்கிவிட்டார். படிப்புக்கு எழுத நல்ல கேஸ் கிடைத்தது என்று மனசுக்குள் ஒரு குஷி.

மகனுக்கு ஃபோன் செய்திருக்கலாமோ? வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

என் புருவத்துக்கு மேல் ஏழு தையல்.

பிப்ரவரி 26, புதன்

நேற்று காலை பதினொரு மணிக்கு மகன் வந்தான். அப்பாவை உலுக்கினான். அவர் முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

"என்னைக் கேக்காமலே முடிச்சிட்டியாடி?"

ஊசியைப் பிடுங்கி எறிந்தான். பம்பைச் சுவரில் அடித்தான், தெறித்தது. குறுக்கே போனேன். சலைன் ஸ்டாண்டை இரண்டு கையாலும் சுழற்றினான். பாத்திரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம் – அது என் மண்டை. ஒரு கண்ணில் ரத்தம். கைக்கு அகப்பட்டது ஸ்டீல் ட்ரே. ஓங்கி அடித்தேன், விழுந்தான். காவலாளிகள் ஓடி வந்தார்கள்.

போலீசில் இதைத்தான் சொன்னேன். அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை வீராங்கனை என்கிறார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

நடந்ததைப் படிப்புக்காக எழுதச் சொன்னாள் டாக்டர். மூன்று பக்கம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அக்கா, இதுல அவன் இருக்கான், ஸ்டாண்ட் இருக்கு, ரத்தம் இருக்கு. நீங்க எங்க?"

நெத்தி கிழிஞ்சு கெடக்கு. நான் எங்கன்னு கேக்கறா. திமிரு.

மார்ச் 1, சனி

ஒரு அடி இல்ல. மூணு.

முதல் அடிலயே அவன் விழுந்துட்டான். ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டான். அப்பறமும் அடிச்சேன். ரெண்டாவதுல விரல் ஒடிஞ்ச சத்தம் கேட்டுது. கேட்டுட்டுத்தான் மூணாவது அடிச்சேன். நல்லா இருந்துது – அதுதான் சொல்ல முடியாதது. நாலாவதுக்கு ஓங்கினப்ப அவங்கம்மா, "போதும்மா, போதும்"னு என் காலைப் பிடிச்சாங்க.

வலியைத் தணிக்கறதுதானே என் வேலை?

மார்ச் 2, ஞாயிறு

ஆறாம் கட்டிலுக்குப் போனேன். புது பம்ப் ஓடுகிறது. கொத்தனார் விழித்திருந்தார். குழறலாக ஏதோ கேட்டார். மனைவிதான் விளக்கினாள்: "பையன் எங்கேங்கறார். லாரில போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். "நான் பாத்ததை யார்கிட்டயும் சொல்லல சிஸ்டர். நீங்கதானே மருந்து போடணும்."

என்மேல் இருந்த பயத்தில் பெற்ற மகனை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 3, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். பிறகு போலீசில் வாக்குமூலத்தை மாற்றினேன். இன்ஸ்பெக்டர், "நல்லா யோசிச்சீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். டாக்டர் கூடவே வந்தாள்.

"அவனுக்கு ஃபோன் பண்ணாதது நானும்தான் அக்கா. அதை நானும் எழுதித் தரேன்."

விசாரணை முடியும்வரை வார்டுக்குள் போகக்கூடாது என்று கடிதம்.

மார்ச் 6, வியாழன்

மகனை நேற்று ஜாமீனில் விட்டுவிட்டார்கள். கொத்தனார் இன்று மதியம் இரண்டு மணிக்கு, வலியில்லாமல், போய்ச் சேர்ந்தார். மகன் பக்கத்தில் இருந்தான். நான் வார்டு வாசலில் நின்றேன்.

வெளியே வந்தவன் என்னைப் பார்த்து நின்றான். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"என் தங்கச்சிக்கு அதைப் போட்ட அன்னைக்கே போயிட்டா," என்றான்.

"நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

ஏப்ரல் 2, புதன்

மூன்று மாதம் சம்பளமில்லாத சஸ்பென்ஷன். பரீட்சை அடுத்த வருடம்தான். பொறுப்பாளர் பதவி வேறு ஆளுக்கு. இவர் என் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 20, சனி – அடுத்த வருடம்

தேர்வு முடிவு போன மாதம் வந்தது. பாஸ். வார்டில் இப்போது புதிதாய்ப் படிக்க வந்த தாடிக்காரர் ஒருவருக்கு நான் வழிகாட்டி. என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

இன்று ஒரு நோயாளியின் மகள், அம்மாவுக்கு மார்ஃபினைக் கூட்டியது தெரிந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என்மேல் பாய்ந்தாள். தாடிக்காரர் அவள் கையை முறுக்கப் போனார். வேண்டாம் என்றேன். ஸ்டூல் என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"இந்த மருந்தால உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

அவள் மூச்சிரைத்தாள். "எங்க அப்பாவுக்கு," என்றாள். ஸ்டூலை இறக்கி அதிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் தரையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மணி நேரம்.

பிறகு தாடிக்காரர் கேட்டார்: "பயமா இல்லையா மேடம்?"

"அவளைப் பாத்து இல்ல," என்றேன். பின்னே யாரைப் பார்த்து என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன், மூன்று அடியையும்.