பச்சை ஒயரில் என் கொண்டை ஊசி

என்னங்க,

குக்கரில் சோறு இருக்கிறது. குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். நேற்று மாதிரி கோபத்தில் பட்டினி கிடக்க வேண்டாம்.

காலையில் தலை வாரும்போது என் கொண்டை ஊசியைக் காணோம். தேடினால், பிரவுசிங் சென்டரை மூடியபோது நீங்கள் தூக்கி வந்த பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் ஒன்றில் இருக்கிறது, சுவிட்சுக்குப் பதிலாகப் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் சேர்த்துக்கொண்டு. ஆத்திரத்தில் பிடுங்கிவிட்டேன். அதிலிருந்து கரண்ட் எடுக்கும் உங்கள் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் பல்பு அணைந்தது, ஃபேனும் நின்றது. அந்த அமைதியில் ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது.

உடனே ஊசியைத் திரும்பச் செருகினேன். ஃபேன் சுற்றுகிறது. தலையை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு தையல் கடைக்குக் கிளம்புகிறேன்.

அன்ஜும்

ஆசைப்பட்டுப் பெட்டி மூடியைத் திறக்காதீர்கள், சூடு போய்விடும். கரண்ட் போனால் போர்வையைப் போர்த்துங்கள்.

இன்னொன்று. நேற்று உங்களோடு சண்டை போட்டு நான் வரச் சொன்ன பழைய இரும்புக்காரர் இப்போதுதான் வந்தார். "மீதி பவர் சப்ளை எல்லாம் எடுத்துக்கட்டுங்களா?" என்றார். "இல்லீங்க, வூட்டுல வேலை இருக்குது அதுக்கு" என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கடைக்குப் போனால் ஓர் அட்டை கொண்டை ஊசி வாங்குங்கள். எனக்கு இரண்டு போதும். மீதி அந்தப் பவர் சப்ளைகளுக்கு.