வெள்ளிக்கிழமைப் பேச்சு

ஜன்னல் சீட்டுக்காரிக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது.

காலேஜில் வெள்ளிக்கிழமைப் பேச்சு வட்டம் இன்னும் நடக்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து மனம்விட்டுப் பேசட்டும் என்று மேடம் ஆரம்பித்ததுதானே. நீ பேசினால் எல்லோரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பேசினால் மணி பார்ப்பார்கள்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை, பஸ் நேரமாகியும் உன் பேச்சு முடியவில்லை. "நீ போய் படகை நிக்கச் சொல்லு, அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்றாய். காலேஜ் பிள்ளைகள் ஏறாமல் நம் தீவின் கடைசிப் படகு கிளம்பாது. படகுக்காரர் என்னிடம், "அவ இன்னா, வரலியா?" என்றார். "திருப்பாலைவனத்துல அத்தை வூட்டுக்குப் போறேன்னு சொன்னா" என்றேன். கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

உன் நைனா அத்தைக்குப் போன் போட்டார். நீ அங்கே இல்லை. மறுநாள் காலை முதல் படகில் வந்து, இரவெல்லாம் படகுத்துறையிலேயே இருந்ததாக நீ எவ்வளவு சொல்லியும் ஊர் நம்பவில்லை. அத்தை வீட்டுக்குப் போவதாக நீதான் சொன்னாய் என்று நான் சத்தியம் செய்தேன். அதோடு உன் படிப்பு நின்றது.

கல்யாணத்துக்கு வர முடியாது. அன்று வெள்ளிக்கிழமை. 'தீவுப் பெண்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள்' என்பது தலைப்பு. நான்தான் பேசுகிறேன். உன்னைத்தான் உதாரணம் சொல்லப்போகிறேன். இப்போது யாரும் மணி பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
உன் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போகிறவள்