சிறு ஒழுங்குபடுத்தல்

மார்ச் 4, செவ்வாய்

மரங்கொத்தி மறுபடியும் வந்துவிட்டது. இணையத்தில் அவருக்கு அதுதான் பெயர். ஆளை நான் பார்த்ததில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் எழுதி வெளியிட்டிருக்கும், கணினிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேச உதவும் மறைகுறியாக்க மென்பொருளில் குறை இருக்கிறதாம். இணைப்புக் கேட்டு வரும் கணினி, 'நான் இன்னார்' என்று ஒரு சான்றிதழை நீட்டும். அதில் ஓர் எண்ணைக் கோணலாக வைத்துவிட்டால், என் நிரல் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்குமாம்.

மூன்றாவது முறையாக எழுதுகிறார். "ரகசியம் எதுவும் கசியவில்லையே, இது எப்படிப் பாதுகாப்புக் குறை? முதலில் அடிப்படையைப் படியுங்கள்" என்று எல்லாரும் பார்க்கப் பதில் போட்டு அவர் புகாரை மூடிவிட்டேன். நாலு பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சும்மா பார்ப்போமே என்று அவர் அனுப்பிய சான்றிதழைக் கொடுத்துப் பார்த்தேன். நிரல் அப்படியே நின்றுவிட்டது. கணினியின் விசிறி மட்டும் கத்தியது. மனைவி எட்டிப் பார்த்து என்ன சத்தம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆறு வரியில் சரிசெய்துவிட்டேன். புதிய பதிப்போடு போகும் மாற்றக் குறிப்பில் என்ன எழுதுவது? குறை என்று எழுதினால் அவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். "சிறு ஒழுங்குபடுத்தல்" என்று போட்டு வெளியிட்டேன். திருத்தியாகிவிட்டது — யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 10

அவரிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமா என்ன?

மே 21, புதன்

அக்கா போன் செய்தாள். அவள் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில் இன்று ஐந்து மணி நேரம் பரிசோதனை முடிவு எதுவும் வார்டுக்கு வரவில்லையாம். சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு லேபுக்கும் மாடிக்குமாக ஓடியதில் கால் வீங்கிவிட்டதாம். ரத்த முடிவு வராமல் ஒரு பெரியவரின் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஏதோ சான்றிதழ் தப்பா வந்துச்சாம், சிஸ்டம் அதையே பிடிச்சுக்கிட்டு சுத்துச்சாம். உனக்குப் புரியுமேடா," என்றாள்.

புரிந்தது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணை அவளிடம் கேட்டு வாங்கினேன்.

மே 22

அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசினேன். நான் யார் என்று தெரிந்ததும் ஏக மரியாதை. என் மென்பொருளின் பிப்ரவரிப் பதிப்புதான் அங்கே ஓடுகிறதாம். புதியதை மாற்ற எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். அதனால் என் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுப்பாராம்.

"சிறு ஒழுங்குபடுத்தல்னு இருந்துச்சு சார், அவசரமில்லன்னு விட்டுட்டேன். விளக்கம் கேட்டு லெட்டர் குடுத்திருக்காங்க. என் தப்புதான்."

இல்லை, என் தப்பு என்று வாய்வரை வந்தது. "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என்னத்தப் பாக்கப் போறே? உன் கௌரவத்துக்கு இன்னொருத்தன் வேலை போகணுமா? சீ.

மே 24, சனி

பயன்படுத்துவோருக்கான எச்சரிக்கையை மூன்று முறை எழுதி அழித்தேன். நாலாவதை மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "'கவனக்குறைவு'ன்னு எதுக்கு? தெரிஞ்சுதானே மறைச்சீங்க," என்றாள். அந்தச் சொல்லை எடுத்தேன்.

எச்சரிக்கை வெளியாகிவிட்டது. கண்டுபிடித்தவர் மரங்கொத்தி, மூன்று முறை சொன்னார், நான் கேலி செய்து மூடினேன், பிறகு தெரிந்தே குறிப்பில் மறைத்தேன். அதையே கையெழுத்துப் போட்டு மருத்துவமனைக்கும் அனுப்பினேன். மரங்கொத்திக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "அந்தப் பெரியவர் தண்ணி கேட்டுட்டே இருந்தார்டா. ஆபரேஷனுக்கு முன்னாடி குடிக்கக் கூடாதுன்னு நான்தான் அதட்டுனேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

மே 30

அக்கா போனை எடுக்கவில்லை. எந்த முகத்தோடு மறுபடியும் கூப்பிடுவது?

ஜூன் 12, வியாழன்

மரங்கொத்தியிடமிருந்து ஒரு வரி: "இன்னொரு இடத்திலும் அதே குறை இருக்கிறது." மன்னிப்புக்குப் பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. பதில் எழுதுவதற்கு முன் சோதித்தேன். விசிறி கத்தியது.

மதியத்துக்குள் திருத்தி வெளியிட்டேன். குறிப்பில், "அவசரம். ஒரே ஒரு சான்றிதழால் உங்கள் சேவையை யாரும் முடக்கலாம். கண்டுபிடித்தவர்: மரங்கொத்தி" என்று எழுதினேன்.

நாலு மணிக்கு மருத்துவமனைக் கணினிக்காரரிடமிருந்து செய்தி. வேலையில்தான் இருக்கிறார். "மாத்திட்டேன் சார். அவசரம்னு போட்டிருந்தீங்க."

இன்னமும் என் குறிப்பைப் படித்துத்தான் முடிவெடுக்கிறார்.