ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை

இன்று காலை ஒன்பதாம் வகுப்பில் புதிய சாக்பீஸ் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். மூடியைத் திறந்ததும் வெள்ளைத் தூள் எழும்பி மூக்கில் ஏறியது. பெரிதாகத் தும்மினேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதினேன். சாக்பீஸ் வாசனைக்கு எனக்குத் தும்மல் மட்டுமே வருகிறது என்பதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பதினோரு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நீ அறிவியல், நான் கணக்கு. உன் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பசுமலைச் சரிவில் இருந்தது. நான் வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். இருவருக்கும் ஒரே வயது. சேர்ந்த முதல் மாதத்திலேயே 'டீச்சர்', 'நீங்க' எல்லாம் போய் 'வாடி', 'போடி' வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் மேசையில் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு நாற்பத்தொன்று நடந்த வருடம் அது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் எனக்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வயதுக்கு இதெல்லாம் வரும்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது மாடி வகுப்புக்குப் போகும்போது பாதிப் படியில் நின்று, போனில் ஏதோ பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். அதோடு சாக்பீஸ் ஆசை வந்தது. முதலில் மோந்து பார்க்கத் தோன்றியது. அப்புறம் ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று ஆனது. கணக்கு டீச்சர் சாக்பீஸ் தின்கிறாள் என்று வெளியில் தெரிந்தால் என்ன ஆவது என்ற பயத்தில் ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறைக்குள் நின்று தின்பேன்.

அங்கேதான் நீ என்னைப் பிடித்தாய்.

"வாயில என்னடி?"

நான் தலையை ஆட்டினேன். உதட்டோரம் வெள்ளையாக இருந்திருக்கும். நீ சிரிக்கவில்லை. கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாய்.

"வெளுத்துக் கெடக்கு. எம்புட்டு நாளாத் திங்கிற?"

"தீபாவளிக்கு முன்னாடியிருந்து."

"வீட்டுக்காரர்ட்டச் சொன்னியா?"

"சாக்பீஸ் திங்கிறேன்னு எப்படிடி சொல்றது?"

"சாக்பீஸ விடு. நிக்காமப் போகுதே, அதச் சொன்னியா?"

அதை நான் உன்னிடமே சொல்லவில்லை.

"மாசத்துல பாதி நாள் கருநீலமும் கறுப்புமாச் சேல கட்டிட்டு வர்ற. எனக்குக் கண்ணில்லையா?" என்றாய்.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்து ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனாய். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழைத் தாண்டவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. மருத்துவர் பொறுமையாகவே சொன்னார். "உடம்புல இருக்கிற இரும்புச்சத்து மாசாமாசம் ரத்தத்தோட வெளிய போயிருது. உங்களுக்கு மத்தவங்களவிட அதிகமா வேணும். கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லதுதான், ஆனா இந்தக் குறைய அது மட்டும் ஈடுகட்டாது. மாத்திரை போட்டு ரத்தத்த ஏத்திட்டு வாங்க. அப்புறம் ஆபரேஷன் பண்ணிரலாம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். எனக்கு அந்த 'அப்புறம்' மட்டும்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நான்கு நாள் ஒழுங்காகப் போட்டேன். வயிற்றைப் புரட்டியது. வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருந்தது. ஆனால் நிறுத்தியதற்கு அது காரணமில்லை. ரத்தம் ஏறினால்தானே ஆபரேஷன்? ஏறாவிட்டால் இல்லையே! வாழ்நாளெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் போட்ட கணக்கு அது. ஐந்தாம் நாளிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து மாடித் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி மண்ணுக்குள் புதைத்தேன். காலி அட்டையைக் குப்பையில் மேலாகத் தெரியும்படி போட்டேன். நீ தினமும் கேட்பாய், "போட்டியா?" நான் தினமும் சொல்வேன், "போட்டேன்."

மூன்று வாரம் கழித்து, ஆசிரியர் அறையில் யாருமில்லாத நேரத்தில் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாய். "வெளிக்கி கறுப்பாப் போகுதா?"

உன்னைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் நான் வேகமாகச் சொன்னேன். "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல. நல்லா மஞ்சளாத்தான் போகுது."

நீ டீ டம்ளரைக் கீழே வைத்தாய். "இரும்பு மாத்திரை போட்டாக் கறுப்பாத்தான்டி போகும். ரெண்டு பிள்ள பெத்திருக்கேன், ரெண்டு தடவையும் போட்டிருக்கேன். நீ ஒரு மாத்திரகூடப் போடல."

"நாலு போட்டேன்" என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. நீ எழுந்து போய்விட்டாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள், நோட்டுக் கட்டோடு மாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நோட்டுகள் படியெல்லாம் சிதறின. மேலிருந்து நீ ஓடி வந்தாய். கூடிய பிள்ளைகளை வகுப்புக்கு விரட்டிவிட்டு, பாட்டில் தண்ணீரை என் கையில் கொடுத்து அதே படியில் உட்கார்ந்தாய்.

"சாகணுமா உனக்கு?"

"சாகக்கூடாதுன்னுதான்டி போடாம இருக்கேன்."

அப்போதுதான் சொன்னேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் சின்னம்மாவுக்கும் இதே கட்டி. காலையில் சிரித்துக்கொண்டுதான் ஆபரேஷனுக்கு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பேசக்கூட மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் முழுதாகத் தெரியாது.

நீ நோட்டுகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாய். எனக்குக் கோபம் வந்தது. "உனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுல்ல?" என்றேன்.

"எனக்கென்ன பயம்?" என்றாய், நிமிர்ந்து பார்க்காமல். அப்புறம் அடுக்கிய கட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாய். "ஆபரேஷன் வேணுமா வேணாமாங்கிறத அப்புறம் பேசிக்கிருவோம். வேணாம்னு நீ சொன்னா நான் வற்புறுத்தல. ஆனா இந்தப் படிய ஏறவாவது ரத்தம் வேணும்ல. அதுக்குப் போடு."

மறுபடியும் மருத்துவரிடம் போனோம். எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்ல வைத்தாய். அவர் திட்டவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மாத்திரை போட்டால் போதும், புரட்டலும் குறையும் என்றார். வயிறு தாங்கவில்லையென்றால் சாப்பிட்டபின் போடலாம். ஆனால் மாத்திரையோடு டீ, காபி கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது. உதிரப்போக்கைக் குறைக்க வேறொரு மாத்திரையும் எழுதித் தந்தார்.

அதிலிருந்து மாத்திரை நாளெல்லாம் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் முன்னால் வந்து நிற்பாய். உன் வீட்டிலிருந்து பாட்டிலில் எலுமிச்சம்பழச் சாறு வரும். விழுங்கியபின் "நாக்கத் தூக்கு" என்பாய், நர்ஸ்போல. லீவு நாளுக்கு மட்டும் என்னை நம்பினாய். சாப்பாட்டுக்குப் பிறகு டீ கொண்டுவரும் அக்காவிடம் "எங்க ரெண்டு பேருக்கும் வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டாய். டீ இல்லாமல் உனக்கு மத்தியானமே ஓடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"எனக்குத்தான் வேணாம். நீ குடிக்க வேண்டியதுதான?"

"எதுக்க உக்காந்து நான் உறிஞ்சுனா நீ சும்மா இருப்பியா?"

திங்கள்கிழமை காலையில் வாசலில் என்னைப் பார்த்ததும் "கறுப்பா?" என்று கேட்பாய். "கறுப்பு!" என்பேன். நாம் ஏதோ விளையாட்டு வைத்திருக்கிறோம் என்று மற்ற டீச்சர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, உன்னோடு பேசிக்கொண்டே ஏறியவள் இரண்டாவது மாடி வந்த பிறகுதான் நடுவில் நிற்கவில்லை என்பதைக் கவனித்தேன். உன்னிடம் சொன்னேன். "நான் ஒண்ணாவது மாடியிலயே பாத்துட்டேன். சொன்னா நின்னுருவியோன்னு பேச்சுக் குடுத்துட்டே வந்தேன்" என்றாய். அந்த வாரத்திலேயே சாக்பீஸ் வெறும் சாக்பீஸாகிவிட்டது. எப்போது ஆசை போனது என்றே தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து ஹீமோகுளோபின் பதினொன்று. அந்தத் தாளைச் சுருட்டி என் தோளில் ஓர் அடி போட்டாய். ஆபரேஷனைப் பற்றி நீ பேச்செடுக்கவே இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானாகத்தான் சொன்னேன். "பண்ணிக்கிறேன்டி. நீ வருவியா?"

"வாரேன்" என்றாய்.

அன்று காலை லீவு போட்டு எனக்கு முன்பே ஆஸ்பத்திரியில் நின்றாய். வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி உன்னிடம் நீட்டினேன். "அண்ணன்ட்டக் குடு" என்று என் வீட்டுக்காரரைக் காட்டிச் சொல்லி இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாய். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நீதான் இருந்தாய். "எந்திரி, மாடிக்குப் போவோம்" என்றாய். சிரிக்கவும் முடியாமல் தையல் வலித்தது.

அதற்கப்புறம் ஐந்து வருடம் நன்றாக இருந்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, தலை வலிக்கிறது என்று படுத்தாயாம். எழுந்திருக்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை நாம் கடைசியாகப் பேசியது காலாண்டுத் தேர்வு வினாத்தாளைப் பற்றி. அவ்வளவுதான்.

ஒரு மாதம் போனபின் உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் தானே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். உன்னைப் பற்றி அதையும் இதையும் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"உங்க ஆபரேஷன் அன்னைக்கு அவ பச்சத் தண்ணி குடிக்கல டீச்சர். அவங்க அம்மா ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே இறந்துட்டாங்க. அப்ப இவளுக்குப் பதினஞ்சு வயசு. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலே கை நடுங்கும் இவளுக்கு. நீங்க வளையலக் குடுத்தப்ப, நடுங்குறத நீங்க பாத்துருவீங்கன்னு வாங்கலையாம். வீட்டுக்கு வந்து சொல்லி அழுதா. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டா."

உன்மேல் கோபமா, அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்திருந்த அன்று நீயும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் இன்னும் பயந்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உன் பயத்தை நீ தனியாக வைத்துக்கொண்டிருந்தாய், எனக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. அது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

போன மாதம் செல்லூரில் இருக்கும் என் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. விசைத்தறிப் பட்டறையில் நின்று வேலை பார்க்கிறவள், இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாளாம். ரத்தம் ரொம்பக் குறைச்சல், மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள், ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். "ஸ்கேனுக்கு மட்டும் போகமாட்டேன் மதினி. என்னத்தையாவது சொல்லிட்டாங்கன்னா?" என்று அழுதாள்.

பஸ் ஏறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயப்படாதே என்று வாயில் வரவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றேன். "இப்ப உன்னய நெனச்சும் பயமாத்தான் இருக்கு. அதனால ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம், வா." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். வியாழக்கிழமை ஸ்கேன். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.