அண்ணே, அன்னே, தாயே

என் உயிர் அண்ணே,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் உங்களுக்கு சலாம் சொல்லாமல் எனக்குப் பேச்சு ஆரம்பிக்காது. நீங்கள் மவுத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். இன்று சொல்ல வந்தது கடைச் செய்தி. வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்சி சிட்டியில் நம் ஆபீசுக்குப் பின்தெருவில் முராத்தும் ஆஸாத்தும் கூட்டாக நடத்தும் சாப்பாட்டுக் கடை அது. இருவருமே துருக்கி நாட்டிலிருந்து வந்தவர்கள். முராத் துருக்கியன், ஆஸாத் குர்து. முதல் நாள் நான், "அண்ணே, கை கழுவிட்டு வாங்க" என்றதும் முராத் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தான், ஞாபகம் இருக்கிறதா? அவன் பாஷையில் 'அன்னே' என்றால் அம்மாவாம். இவ்வளவு தாடி வைத்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்றான். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் நீங்கள் அன்னே.

நீங்களும் லேசுப்பட்ட ஆளா? "அம்மா சொல்றேன், டீல இன்னும் கொஞ்சம் சக்கரை போடுடா" என்று அதிகாரம் பண்ணினீர்கள். அவர்கள் ஊர் அரசியலைப் பேசிக் கத்த ஆரம்பித்தால், "டேய், வாயை மூடுங்கடா, டீ ஆறுது" என்று தமிழிலேயே அதட்டுவீர்கள். ஒரு எழுத்துப் புரியாமல் இரண்டு பேரும் அடங்குவார்கள். எப்படி அண்ணே அடங்கினார்கள்? அதை எனக்குச் சொல்லிக் கொடுக்காமலேயே போய்விட்டீர்களே.

நீங்கள் போன பிறகு அங்கே எல்லை மலைகளில் துருக்கி ராணுவத்துக்கும் குர்துப் போராளிகளுக்கும் மறுபடி சண்டை மூண்டுவிட்டது. முராத்தின் தம்பிக்குக் கட்டாய ராணுவ சேவை, அந்த மலையில்தான் காவல். ஆஸாத்தின் அம்மா இருப்பது அதே மலை அடிவாரத்தில். ஊருக்குள் ராணுவ வண்டி வந்தாலே போன் கட்டாகிவிடுமாம். கடை டிவியில் செய்தி வந்தால் ஒருத்தன் போடுவான், ஒருத்தன் அணைப்பான். கடைசியில் டிவியையே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். அப்புறம் பேச்சும் நின்றது. பக்கத்தில் நிற்கிறவனிடம் சூப் தீர்ந்துபோச்சு என்று சொல்லவும் நான்தான் நடுவில் வேண்டும்.

"வீட்டுக்குக் கூப்பிட்டு பிரியாணி போடுங்க. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி யாரும் சண்டை போட மாட்டாங்க" என்றாள் என் வீட்டுக்காரி. ஒருவனுக்கு மற்றவன் வருவதைச் சொல்லாமல் கூப்பிட்டேன். வந்தார்கள். பேசாமல் சாப்பிட்டார்கள். உங்களைப் போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

"எங்க ஊர்ல எங்களை என்ன சொல்வாங்க தெரியுமா? துலுக்கன். துலுக்கன்னா துருக்கிக்காரன்னு அர்த்தம். அப்போ இந்த டேபிள்ல இருக்கிற எல்லாருமே துருக்கிக்காரங்கதான்!"

முராத் சிரித்துவிட்டான். ஆஸாத் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"என் தாத்தாகிட்டயும் அரசாங்கத்துல இதைத்தான் சொன்னாங்க, சலீம். குர்துன்னு ஒரு ஜனமே கிடையாது, நீ துருக்கிக்காரன்தான்னு."

"அவன் ஜோக்குக்குச் சொன்னான்" என்றான் முராத்.

"நீ சிரிச்சே" என்று எழுந்து போனான் ஆஸாத்.

நம்மைச் சீண்டுவதற்கென்றே ஊரில் சொல்லும் வார்த்தை. அதைச் சொல்லிச் சமாதானம் பண்ணப் போன முட்டாளை என்ன செய்வது? அந்த வாரமே கூட்டு முறிந்தது. ஆஸாத் டெக்சாஸுக்குக் கிளம்பினான். அங்கே அவன் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறாராம்.

போகும் முன் உங்கள் கபருக்குக் கூட்டிப்போகச் சொன்னான். உங்களுக்கே தெரிந்திருக்கும். துஆ கேட்டுவிட்டு, "போயிட்டு வர்றேன், அன்னே" என்றான். காருக்குத் திரும்பி வரும்போது அவனாகவே சொன்னான்: "அன்னே எனக்கு ஸ்கூல்ல கத்துக் கொடுத்த வார்த்தை. வீட்ல எங்க அம்மாவை 'தாயே'ன்னுதான் கூப்பிடுவேன். எங்க பாஷை."

காரைத் திறக்கவும் மறந்துபோனேன். அவனிடம் சொன்னேன். அன்னையும் எங்கள் வார்த்தை, தாயேவும் எங்கள் வார்த்தை, தமிழில் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் என்று. இரண்டு தடவை கேட்டுக்கொண்டு லேசாகச் சிரித்தான். பிறகு ஏர்போர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்றான்.

அவனை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு ஓடினேன். இதைக் கேட்டால் முராத் மனசு மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. மாவு பிசைந்துகொண்டே முழுதும் கேட்டான்.

"எல்லாருக்கும்தான் அம்மா இருக்கா. என் தம்பியைச் சுடப் போறவனுக்கும் இருப்பா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. திரும்பி நின்று மறுபடி பிசைய ஆரம்பித்தான்.

எனக்கு இரண்டு வார்த்தையும் தெரிகிறது அண்ணே. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் மட்டும் அந்த மலையில் துப்பாக்கி நின்றிருக்குமா? நிற்காது. இந்தக் கடையாவது இரண்டாகாமல் இருந்திருக்குமோ?

ஒன்று மட்டும் செய்கிறேன். ஜும்மா முடிந்ததும் கடைக்குப் போவேன். அங்கிருந்தே ஆஸாத்துக்கு போன் போடுவேன். "உங்க அம்மா சுகமா?" என்று சத்தமாகக் கேட்பேன், முராத் காதில் விழுகிற மாதிரி. "முராத்தோட தம்பி நல்லா இருக்கான்" என்று இவனுக்கு முன்னாலேயே அவனிடம் சொல்வேன். இருவரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். என்றாவது ஒருநாள் அந்த நல்ல செய்தியைச் சொல்ல முடியாமல் போனால், அதற்கு மட்டும் என்னைத் தயாராக இருக்கச் சொல்லாதீர்கள்.

அவர்களுக்கு நீங்கள் அம்மா. அந்த இடத்துக்கு வரத் தெரியாமல் நடுவில் நிற்கும்,

உங்கள் தம்பி
சலீம்