வெறும் நெற்றியோடு வந்தவள்

ஒரத்தநாடு வழி,
8.11.1998

அன்புள்ள அனு அப்பாவுக்கு, செவ்வந்தி எழுதிக்கொள்வது.

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசு ஒப்பவில்லை. நானும் அனுவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அம்மாவுக்குத்தான் முடியவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், வேறு இடம் பார்க்கிறேன் என்று சித்திரையில் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் போட்ட எதற்கும் பதில் இல்லை. பெர்மிட் இல்லாதவர்களை மலேசியாவில் பிடித்து உள்ளே வைக்கிறார்களாம். அங்கிருந்து திரும்பிய ஆள் ஒருவரிடம் போய் உங்களைப் பார்த்தாரா என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

சம்பா நட்டாயிற்று. மழை விட்டபாடில்லை. வடிகால் தூர்ந்து கிடப்பதால் பள்ளத்து வயலில் நாற்று முழுகி நிற்கிறது. சேர்ந்து வெட்டலாம் என்று பக்கத்து வயல்காரரைக் கேட்டால், "மதிவாணன் வரட்டும்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாக்கால் ஒரு ச்சு கொட்டுகிறார். உங்கள் பெயரை எடுத்தாலே இங்கே எல்லாரும் அப்படித்தான் ச்சு கொட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டும். வேறு யாராவது எழுதி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆடியில் அனுவுக்கு மஞ்சள் காமாலை வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லை. அடுத்த கட்டிலில் இருந்த கிழவிக்குக் கஞ்சி கொண்டுவந்த ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் கேவிக் கேவி அழுதுவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து பணம் வந்ததா, கடிதம் வந்ததா என்று கேட்டவர்கள் உண்டு. நான் சாப்பிட்டேனா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவர் எஸ்தர், பாஸ்டரம்மா. ரோட்டடியில் தகரக் கொட்டகை போட்டு ஜெபம் நடத்துகிறார்கள். அனுவுக்கு உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அங்கே எல்லாரும் உங்களுக்காக ஜெபித்தார்கள். "மலேசியாவுல இருக்குற சகோதரன் மதிவாணனை" என்று சொல்லித்தான் ஜெபித்தார்கள். இருக்கிற என்றார்கள், கேட்டீர்களா? ஒருவர்கூட ச்சு கொட்டவில்லை. அதற்காகத்தான் மறுவாரமும் போனேன். பிறகு ஆண்டவருக்காகவே போக ஆரம்பித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் நானும் பாஸ்டரம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போகிறோம். கேட்பாரற்றுக் கிடப்பவர்களுக்கு ஊட்டிவிடுகிறேன். என்னையும் ஒரு வேலைக்காகத்தான் படைத்திருக்கிறார் என்று இப்போது நம்புகிறேன். உங்களுக்கும் அங்கே யாராவது இப்படி ஒரு வாய் ஊட்டட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கரண்டியும் கொடுக்கிறேன்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை புது ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தேன். அத்தையிடம் ஜெபத்துக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். முழுக்கச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? அந்தச் சபையில் பொட்டு, பூ, நகை கூடாது. தாலியும் கூடாது. கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். வெள்ளைச் சேலையோடு தண்ணீரில் இறங்கினேன். எழுந்தபோது மனசு எவ்வளவு லேசாக இருந்தது என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை. மாற்றுச் சேலை மழையில் நனைந்துவிட்டது. சரி, வீடு பக்கம்தானே என்று அதே வெள்ளைச் சேலையில் நடந்து வந்தேன்.

என் புத்திக்கு எட்டவே இல்லை, அனு அப்பா. ஆற்றிலிருந்து தலை நனைந்து, வெள்ளை கட்டி, வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக ஒருத்தி தெருவில் வந்தால் என்ன அர்த்தம்? முதலில் பார்த்த தங்கமணி அக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓவென்று கத்தினாள். நான் வீட்டை எட்டுவதற்குள் தெருவே மாரடித்துக்கொண்டு வந்துவிட்டது. அத்தை வாசலுக்கு வந்தார்கள். என் கழுத்தைப் பார்த்தார்கள். "எப்புடிடீ செத்தான் எம்புள்ள?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார்கள். அனு என் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். இல்லை, இல்லை, அவர் இருக்கிறார் என்று நான் கத்தியது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? முந்தானையை அவிழ்த்துத் தாலியைக் காட்டி, ஞானஸ்நானம் என்று விளங்க வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பிறகு எல்லாரும் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும், அழுகை நின்றதே.

ஆனால் அதற்குள் யாரோ என் பிறந்த ஊர் திருவாரூருக்குப் போன் போட்டுவிட்டார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் மருதையன் அண்ணன் வந்து இறங்கினான். நம் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போனவன், அதற்கப்புறம் இந்த வாசலை மிதித்ததில்லை. தெருமுனையில் மஞ்சள் பையோடு அவனைப் பார்த்ததும், அண்ணன் வந்துவிட்டான் என்று சந்தோஷத்தில் ஓடினேன். பையில் கோடிச் சேலை இருந்தது. தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீடு போட வேண்டிய சேலை. விஷயம் தெரிந்ததும் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். திரும்பக் கொண்டுபோகவும் பயம், இங்கே வைக்கவும் பயம். பரணில் போட்டுவிட்டுப் போய்விட்டான். இன்னும் பிரிக்காமல் அங்கேதான் கிடக்கிறது.

அத்தை அன்று படுத்தவர்கள்தான். செய்தி வந்துவிட்டது, நான் மறைக்கிறேன் என்கிறார்கள். சாமி கும்பிடப் போனேன் என்பதெல்லாம் கதையாம். நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. காலையில் நான் கஞ்சியை எடுத்துப் போனால் அவர்கள் குங்குமச் சிமிழை நீட்டுகிறார்கள். "எம்புள்ள இருக்கான்னா இத வையி. அப்பத்தான் தொண்டையில எறங்கும்" என்கிறார்கள். முதலில் மறுத்தேன். எலும்பும் தோலுமாகப் போய்விட்டார்கள். இப்போது தினமும் வைத்துக்கொள்கிறேன். தாலியையும் போட்டுக்கொண்டு எதிரே உட்காருகிறேன். என் நெற்றியையே பார்த்தபடி அரை டம்ளர் குடிக்கிறார்கள். அவர்கள் கண்ணயர்ந்ததும் கொல்லைப்பக்கம் போய் அழித்துவிட்டு, முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன். இது பாவமா என்று பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

சேக் தாவூது பாய் கடையில் போன் நம்பரை மாற்றிவிட்டார்கள். அதனால்தான் உங்களால் கூப்பிட முடியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். புது நம்பரைக் கவரின் மேலேயே எழுதியிருக்கிறேன். கவரைக் கையில் எடுப்பவர் யாராக இருந்தாலும் உங்களிடம் சொல்லட்டும். அத்தையைத் தூக்கிக்கொண்டாவது கடைக்கு வந்துவிடுவேன். அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

என் மேல் கோபம் இருந்தால் வந்து திட்டுங்கள். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆண்டவரை மட்டும் விடச் சொல்லாதீர்கள். அவரையும் விட்டால் எனக்கு இங்கே வேறு நாதியில்லை.

பொட்டு வைக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. அழிக்கும்போதுதான் தங்கமணி அக்கா ஓவென்று கத்தியது காதில் கேட்கிறது. ஆண்டவருக்காக அழிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் அழிக்கிறேன். அவருக்காக மட்டும்தான் அழிக்கிறேன் என்பதை நீங்கள் வந்துதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எங்கே படுத்திருந்தாலும் உங்கள் தலைமாட்டில் தேவன் விழித்திருக்கட்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
செவ்வந்தி