வடிகட்டியைக் கழற்றிவிட்டேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், சௌக்கியம் என்றால் ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீரை மூன்று பேராகக் குடித்துத் தீர்க்கிற அளவுக்குச் சௌக்கியம். போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் நீ பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறாய், அந்த வித்தை உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான், என்னிடமே அது செல்லுபடியாகிறது என்பதுதான் வேடிக்கை. அதனால்தான் கடிதம். முழுதும் படித்து முடி, அப்புறம் கோபப்படு.

அம்மாவின் ஜெராக்ஸ் கடைக்குப் புது மெஷின் வந்துவிட்டது. பழையது உதைத்தால்தான் ஓடும், இது உதைக்காமலே ஓடுகிறது, அதனாலேயே அம்மாவுக்கு இதன் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை, பழக்கதோஷத்தில் காலைத் தூக்கிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்கிறாள். எனக்கு ஒரு மாதமாக ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் குழாய் வேலை. கட்டியவர் எந்த பைப் எங்கே போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார், மூன்றாம் மாடியில் வால்வைத் திறந்தால் முதல் மாடிப் பல் டாக்டர் கத்துகிறார். நான் தண்ணீர் ஓடும் சத்தம் பிடிக்கச் சுவர் சுவராகக் காதை வைத்துக்கொண்டு திரிய, அங்கே குடியிருக்கிற ஒரு அம்மாள் நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று வாட்ச்மேனிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். மற்றபடி வேலை நல்ல வேலை.

சின்னவனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது உனக்குத் தெரியும், எப்படி வந்தது என்று முழுக்கதை தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் குனிந்து பார்த்து, தம்பி, கண்ணாடி ரொம்ப நல்லா தெரியுது, உன் மூஞ்சிதான் வெளுத்துப் போச்சு என்றாராம். அவர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார், கண்ணாடிக்குப் பில் போடாமலே. ஸ்கேனில் இடது பக்கம் மூன்று கல், அதில் ஒன்று இறங்கும் வழியில் சிக்கிக்கொண்டு நின்றது. எனக்கு வலி வந்தபோதெல்லாம் நான் போட்ட கூச்சல் உனக்கு நினைவிருக்கும், உன் தம்பி எனக்கு ஒருபடி மேலே போய் நர்ஸிடம் உயில் எழுதப் பேப்பர் கேட்டிருக்கிறான். எழுதி வைக்க அவனிடம் ஒரு சைக்கிளும் நான்கு சட்டையும் இருக்கிறது.

கல்லை எடுத்த டாக்டர் சின்ன வயசுப் பெண், உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அவர் கல்லைத் தூக்கிப் போடாமல் சோதனைச் சாலைக்கு அனுப்பினார், எனக்கு இத்தனை வருஷத்தில் யாரும் அதைச் செய்ததில்லை. அங்கே இருந்த ஆள் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார், தம்பியின் சிறுநீர் ஒரு சொட்டு, அதில் குட்டிக் குட்டியாகத் தட்டைப் படிகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம், அரை அங்குல நட்டுகளைக் கொட்டிப் பரப்பிய மாதிரி. முப்பது வருஷமாக நட்டு திருகுகிறவன், இன்னொரு தரம் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாம் சாப்பிடுகிற புரதம் உடைந்து அமினோ அமிலங்களாக ரத்தத்தில் போகிறதாம், சிறுநீரகம் ரத்தத்தை வடிக்கும்போது அவையும் சேர்ந்து வெளியே வந்துவிடுமாம், அப்படி வந்த நல்ல சரக்கை மறுபடி உள்ளே தூக்கிவிட அங்கிருக்கிற நுண்குழாய்களில் ஒரு சுமக்கிற புரதம் நிற்க வேண்டுமாம். அதைச் செய்யும் குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது, பெயர் எஸ்.எல்.சி. மூன்று ஏ ஒன்று, என் காதுக்கு லாரி நம்பர் மாதிரி விழுந்தது. நம் வீட்டில் அந்தக் குறிப்பில் பிழை, அதனால் சுமக்கிறவன் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்தே சேர்வதில்லை. நான்கு அமினோ அமிலங்கள் வெளியிலேயே நின்றுவிடுகின்றன, மூன்று கரைந்து சத்தம் போடாமல் போய்விடும், சிஸ்டின் என்கிற நான்காவது மட்டும் சரியாகக் கரையாது, ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். உடனே நான் என் புத்தியைக் காட்டி, ரிட்டர்ன் லைன் அடைச்சிருக்குன்னு சொல்றீங்க என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அடைக்கலை சார், ரிட்டர்ன் லைனே போடலைன்னு வெச்சுக்குங்க என்றார். அந்தப் பெண் குழாய் வேலைக்கு வந்திருந்தால் எங்கள் பிழைப்பெல்லாம் போயிருக்கும்.

பிறகு எங்கள் மூன்று பேருக்கும் மரபணுச் சோதனை எடுத்தார்கள். அதன் முடிவை எனக்குப் புரிய வைத்தவள் உன் அம்மா. இங்க பாருங்க, எல்லாருக்கும் இந்தக் குறிப்பு ரெண்டு காப்பி இருக்கும், அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, மூலத்துல எழுத்து அழிஞ்சிருந்தா நகல்லயும் அழிஞ்சுதான் வரும், மெஷினை உதைச்சு பிரயோஜனம் இல்லை என்றாள். ஒரு காப்பி நன்றாக இருந்தாலே போதும், உடம்பு சமாளித்துக்கொள்ளும். எனக்கு இரண்டுமே பழுது. அம்மாவுக்கு ஒன்று நல்லது, ஒன்று பழுது, அதனால்தான் அவளுக்கு ஒரு நாளும் வலி வந்ததில்லை. சின்னவனுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதே வந்து சேர்ந்துவிட்டது. இருபது வருஷமாக உங்க வீட்டுக் கல்லு என்று அவள் என்னைச் சொல்லிக்கொண்டிருந்தாளே, ரிசல்ட் வந்த அன்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். உங்களுது ரெண்டு, என்னுது ஒண்ணு, இப்பவும் நான்தான் ஜெயிச்சேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அழுதிருக்கிறாள், பக்கத்து ஸ்டேஷனரிக்காரர் சொன்னார்.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம். உனக்கு ஆறு வயதில் எனக்கு முதல் கல் வந்தது. நான் தினமும் அறுத்துப் பார்க்கிற பைப்புகளில் சுண்ணாம்பு விரல் தடிமனுக்குப் படிந்திருக்கும், இந்த ஊர்த் தண்ணீர் பைப்பையே அடைக்கிறது, மனுஷன் குழாய் எம்மாத்திரம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்போதைய டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது எந்தத் தண்ணீர் என்று அவரையே குறுக்குக் கேள்வி கேட்டேன், அவர் என்றைக்குக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவுடன் அடுக்களைச் சுவரில் மூன்று அடுக்கு வடிகட்டியை நானே செய்து மாட்டினேன், நல்ல வேலைப்பாடு, ஆனால் சொட்டுச் சொட்டாக விழும், நாளெல்லாம் விழுந்தால் நாலு லிட்டர். அதை நாலு பேருக்குப் பிரித்தேன். சாப்பாட்டோடு ஒரு டம்ளர், பள்ளிக்கூடத்துக்குச் சின்ன பாட்டில், வெளிக் குழாயில் வாய் வைத்தால் கல் வந்துவிடும் என்று மிரட்டல். விளையாடிவிட்டு வந்து நீ இன்னொரு டம்ளர் கேட்கும்போது, போதும்மா, வடியட்டும் என்று சொன்னவன் நான். இந்தக் கல்லுக்கும் ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம், கரையாத சிஸ்டினைக் கழுவி அனுப்பத் தண்ணீர்தான் முதல் மருந்தாம், எந்தத் தண்ணீராக இருந்தாலும் சரியாம். எதைக் கொடுத்திருக்க வேண்டுமோ அதையே அளந்து கொடுத்திருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வடிகட்டியைக் கழற்றிவிட்டேன். சுவரில் நான்கு ஓட்டை இருக்கிறது, அம்மா அதற்குக் காலண்டர் மாட்டிவிட்டாள்.

இப்போது உன் விஷயம். என்னிடமிருந்து ஒரு பழுது உனக்கு நிச்சயம் வந்திருக்கிறது, என்னிடம் கொடுக்க வேறு இல்லை. அம்மாவிடமிருந்து வந்தது நல்லதா பழுதா என்பதுதான் கேள்வி, பாதிக்குப் பாதி. நீ தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள், போதாக்குறைக்குக் கிடைத்த வேலையும் அப்படி. துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்கு இருநூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும், நடுவில் பாத்ரூமுக்கு இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போய்விடும், அதனால் காலையிலிருந்து வாயை நனைப்பதோடு சரி என்று அம்மாவிடம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயாம். வலது பக்க விலாவுக்குக் கீழே அவ்வப்போது வலிக்கிறது, கூண்டு சீட் சரியில்லை என்றும் சொன்னாயாம். கண்ணு, சீட் வலி நடு முதுகில் வரும். தனித்தாளில் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன், கூண்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு, மூடி போட்டது, நாற்றம் வராது. சிரிக்காதே, அளவெல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரு நாளில் செய்துவிடுவார்.

போன வாரம் போனில் சோதனை எடு என்றதற்கு நீ சொன்ன பதில் என் காதிலேயே நிற்கிறது. இப்ப டெஸ்ட் கிஸ்ட்னு போனா ஃபிட்னெஸ் சர்டிபிகேட்ல எழுதிடுவாங்கப்பா, புது பெரிய கிரேன் எனக்கு வரவேண்டியது, கைவிட்டுப் போயிடும், உங்களுக்கும்தான் இருபது வருஷமாக் கல்லு வருது, என்ன ஆயிடுச்சு, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க என்றாய். கிரேன் விஷயத்தை டாக்டரிடம் கேட்டேன். நோயைக் கண்டுபிடித்துத் தண்ணீரும் மாத்திரையுமாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறவர்கள் எல்லா வேலையும் பார்க்கிறார்கள், உங்கள் கம்பெனி என்ன சொல்லும் என்று மட்டும் தன்னால் சொல்ல முடியாது என்றார், நானும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அந்த வலி வந்தபோது ரெஞ்சைக்கூடப் பிடிக்க முடியாமல் ஒரு வீட்டு மாடிப்படியில் சுருண்டு கிடந்தவன் நான். என் கையில் இருந்தது ஒரு ரெஞ்ச். உன் கையில் தொங்குவது முப்பது டன் பெட்டி, அதன் கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

அடுத்தது, எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாயே, அது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ பயிற்சிக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், வெளியூரில் பெரிய கட்டடத்துக்கு பைப் லைன் போடப் போகிறேன், ஒரு மாதம் போன் எடுக்க மாட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். நான் எந்த ஊருக்கும் போகவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வலி இல்லாததால் கல் போய்விட்டது என்று நானே முடிவு செய்து எட்டு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன், அது உள்ளே அடைத்துக்கொண்டு நின்று இடது சிறுநீரகத்தைச் சாகடித்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒன்றுதான். சொன்னால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாய், படிப்பு போய்விடும் என்று பயந்தேன், அதனால் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். தம்பியை அத்தை வீட்டில் விட்டோம், தழும்பைப் பார்த்தபோது குடலிறக்க ஆபரேஷன் என்று சொன்னேன். அவனுக்கு இப்போதுதான், ஆஸ்பத்திரியில் என் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அதனால், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க என்று நீ சொன்னபோது நான் போனை அம்மாவிடம் கொடுத்தேனே, அது கோபம் இல்லை. நான் கட்டிவிட்ட கதையை நம்பித்தான் நீ அப்படிப் பேசுகிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், பெரிய கிரேனோ சின்னக் கிரேனோ, அதை ஓட்டுகிற என் மகள் முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசீர்வாதம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், அதை எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாலும் புரியும், முதலில் சிறுநீர்ச் சோதனை, ஒரு ஸ்கேன், அப்புறம் மரபணு. அம்மா உனக்கு இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கித் தனியாக அனுப்பியிருக்கிறாள், கலர் பிடிக்கவில்லை என்று மூலையில் போட்டுவிடாதே. வருகிற வாரத்துக்குள் போய் வா. முடிவு எதுவாக இருந்தாலும் அன்றைக்கே எனக்குச் சொல், ஒன்றையும் ஒளிக்காதே. நம் வீட்டில் அந்த வேலையைச் செய்ததற்கு நான் ஒருவன் போதும்.

இப்படிக்கு,
உன் வரவுக்கும் வார்த்தைக்கும் காத்திருக்கும்
அப்பா